அட்டைப்படத்தில் இல்லாத கை

ஒரு மெட்டல் ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டில் மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஒரு கிடார் தனியாகக் கிளம்பும். ஒன்றரை நிமிடம் நிற்காமல் ஓடும். அதை வாசித்தது நான். இந்த ஒரு வாக்கியத்தை வெளியே சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. சொன்னபோது எதிரில் இருந்தவர் சிரித்தார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் சிரிப்பது என் காதில் விழாது.

சிரித்தவர் என்னோடு வேலை பார்ப்பவர். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன், அவர் இயற்பியல் பாடம் எடுக்கிறார். கஞ்சி போட்ட சட்டைக்குள்ளே மண்டையோடு போட்ட கறுப்பு பனியன் போட்டிருப்பார், வெயிலில் நின்றால் தெரியும். ஹெவி மெட்டல் பைத்தியம். ஸ்வீடனில் யார் எந்த வருஷம் எந்தக் குழுவை விட்டு விலகினார் என்று கேட்டால் சொல்வார். ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் நான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது வந்து, "இதி வினண்டி மேடம்" என்று இயர்ஃபோனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார். என்னத்தையாவது கேட்கச் சொல்வது அவர் வழக்கம்தான். வாங்கிக் காதில் வைத்தேன். என் கிடார்.

அவர் தெலுங்கில் பேசிக்கொண்டே போனார். "நம்ம ஜில்லாப் பசங்க மேடம்! நகரியாம். சித்தூரில் ரெகார்ட் பண்ணியிருக்கிறார்கள். எட்டு பாட்டு. எட்டு வருஷமாக நெட்டில் கிடக்கிறது, ஒருத்தனும் கேட்கவில்லை. இந்தப் பையன் கையைப் பாருங்கள், என்ன ஸ்பீடு! ஸ்பீடில் கூட மெலடி கெடவில்லை பாருங்கள்!"

"அது பையன் இல்ல சார், நான்தான்" என்றேன்.

"ஏன்ட்டி மேடம், ஜோக்கா?" என்று சிரித்தார். போனில் அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினார். "இதோ, இவன்."

அட்டைப்படத்தில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் என் கிடார்.

இப்போது முதலிலிருந்து சொல்கிறேன். நகரியில் எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, எட்டு பவர்லூம் தறி. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மெட்டல் ஒன்றும் பெரிய இரைச்சல் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பள்ளிக்கூட நாட்களில் ஆறு வருஷம் வயலின் கற்றுக்கொண்டேன். சரளி வரிசைகளை முதல் காலத்தில் ஒரு தரம், இரட்டை வேகத்தில் இரண்டாம் காலத்தில் ஒரு தரம், அதற்கும் இரட்டை வேகத்தில் மூன்றாம் காலத்தில் ஒரு தரம் வாசிக்க வேண்டும். நான் ஒரு ஸ்வரம் விழுங்கினால் கூட டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். விரல் ஓடக் கற்றது அங்கேதான். பிறகு இன்ஜினியரிங் ஹாஸ்டலில் மேகாலயாவிலிருந்து வந்த பெண் எனக்கு ரூம்மேட். அவள் எலெக்ட்ரிக் கிடார் கொண்டுவந்திருந்தாள். அவள்தான் எனக்கு மெட்டல் கேட்கக் கொடுத்தாள். அந்த வேகமான கிடார்காரர்கள் உயிரை விடுகிற ஒரு ஸ்கேல் இருக்கிறது. அதைக் கேட்டதும், "அடிப்பாவி, இது கீரவாணி ராகம்" என்றேன். அவளுக்குக் கீரவாணி என்றால் என்னவென்று தெரியாது, எனக்கு மெட்டல் என்றால் என்னவென்று தெரியாது. ஒரே செமஸ்டரில் இரண்டு பேரும் தெரிந்துகொண்டோம். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது, "உன் கையில் இருந்தால்தான் இதற்கு மரியாதை" என்று கிடாரை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

குழு என்று சொன்னால் மூன்றே பேர். தம்பி பாடுவான், பாடிக்கொண்டே இன்னொரு கிடாரில் நாலு கார்டு பிடிப்பான். டிரம்ஸுக்குப் பாகாலாவிலிருந்து தம்பியின் நண்பன், கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசிக்கிறவன். மீதி கிடார் எல்லாம் நான். பேஸ் கிடாரும் நான். பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் நான்தான். வெளிநாட்டு மெட்டல்காரர்கள் பேய், பிசாசு, நரகம் என்று பாடுவார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மே மாதம் நகரியில் தண்ணீர் லாரி வரும்போது தெருக்குழாய்க்கு முன்னால் நடக்கிறதைப் பாட்டாக எழுதினோம். அதுதான் அந்த ஐந்தாவது பாட்டு. சரணம் தமிழில், பல்லவி தெலுங்கில். சண்டை போடும்போது நாங்கள் அப்படித்தான் பேசுவோம்.

சித்தூரில் ஒரு மாடியில் ரெகார்டிங் ஸ்டூடியோ. தேர்தல் வந்தால் பிரச்சாரப் பாட்டு, விநாயகர் சதுர்த்தி வந்தால் காணிப்பாக்கம் பிள்ளையார் பாட்டு, இரண்டும் இல்லாத மாதத்தில் எங்களை உள்ளே விட்டார்கள். ஐந்தாவது பாட்டில் நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் ஸ்டூடியோக்காரர் அக்கறையாகச் சொன்னார்: "மெள்ள வாசி மா. நான் கம்ப்யூட்டர்ல ஸ்பீடு ஏத்திக்கிறேன்."

எனக்குக் கோபம் மூக்கின் மேல். "முதல்ல நான் வாசிக்கிறேன் சார், ஏத்துறது எறக்குறது அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாசித்தேன். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணா கீதே!" என்றார். அதனால்தான் அந்த ஆல்பத்தில் இடது காதில் ஒரு கிடாரும் வலது காதில் ஒரு கிடாரும் சேர்ந்து ஓடுகின்றன. இரண்டும் என் கைதான்.

அதில் ஒரு பிசகும் இருக்கிறது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரன் பார்க்கிற பெண் மொட்டைக் கையோடு இருக்கக் கூடாது என்று அம்மா கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தாள். ரெகார்டிங்குக்காக எல்லாவற்றையும் கழற்றினேன். வலது கையில் ஒன்று மட்டும் இறுகிக்கொண்டு வரவே இல்லை, சோப்பு போட்டும் வரவில்லை. உடைத்தால் அம்மா உயிரை எடுத்துவிடுவாள். அப்படியே வாசித்தேன். வேகமாக இறங்கிவருகிற ஓர் இடத்தில் வளையல், கிடாரில் கம்பி மாட்டியிருக்கும் இரும்பில் தட்டி, 'டிக்' என்று ஒரு சத்தம். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும். ஸ்டூடியோக்காரர் அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வாசிப்பு நன்றாக வந்திருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்தது. அட்டைப்படம் வேண்டும். எங்கள் ஜில்லாவில் யாருக்கு எது அச்சாக வேண்டுமென்றாலும் ஃபிளெக்ஸ் கடைக்குத்தான் போவோம். காதுகுத்து, கட்சி, கருமாதி எல்லாம் அங்கேதான். ஸ்டூடியோவுக்குக் கீழேயே ஒரு கடை இருந்தது. மெட்டல் ஆல்பத்துக்கு அட்டைப்படம் போட ஃபிளெக்ஸ் கடையை நம்பியவர்கள் இந்த உலகத்திலேயே நாங்கள் மூன்று பேர்தான் இருப்போம்.

ஃபிளெக்ஸுக்கு ஒரு முறை இருக்கிறது. நடுவில் ஒருவர் பெரிதாக நிற்பார். சுற்றி வட்டத்துக்குள்ளே முகங்கள், யார் எவ்வளவு முக்கியமோ வட்டம் அவ்வளவு பெரிது. பெண் முகம் அதில் ஏறுவதற்கு எங்கள் பக்கத்தில் மூன்றே வழி. பெரிய மனுஷி ஆக வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். தேர்தலில் நின்றால் அது தனி. மற்றபடி ஒருத்தி உட்கார்ந்து எதையோ நன்றாகச் செய்தாள் என்பதற்காக அவள் முகத்தை ஏற்றியதாக எனக்கு நினைவில்லை.

தம்பி எங்கள் மூன்று பேர் போட்டோவையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நைனா நிறுத்தினார். அந்த வாரம்தான் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது.

"பாட்டு வரட்டும். நான் வேணான்னு சொல்லல. ஆனா பொண்ணு மூஞ்சி வேணாம். மாப்ள வூட்டுக்காரங்க போன்ல பாத்துட்டாங்கன்னா இன்னா சொல்றது?"

இதில் எனக்கு யார் மேல் அதிகக் கோபம் தெரியுமா? நைனா மேல் இல்லை, என் மேல்தான். "சரி நைனா" என்றேன். சண்டை போடவில்லை, அழவில்லை. முகம் எதற்கு, காது இருக்கிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். காதுக்கு முன்னால் கண் இருக்கிறது என்பது இருபத்தைந்து வயதில் எனக்குத் தெரியவில்லை. எட்டு பாட்டுக்கு மெட்டுப் போடத் தெரிந்தவளுக்கு 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

நான்கு நாளில் அட்டைப்படம் வந்தது. பின்னால் மின்னல். ஒரு மூலையில் சிங்கம், ஒரு மூலையில் பிள்ளையார். கீழே வரிசையாக வட்டங்கள். மைக் கொடுத்த சவுண்ட் சர்வீஸ்காரர், டிரம்ஸ் ஏற்றிவந்த வேனின் சொந்தக்காரர், டிரம்ஸ்காரன், அவன் மாமா. அந்த மாமா என்ன செய்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்குத்தான் பெரிய வட்டம். நடுவில் என் தம்பி, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. நான் இருந்த போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு, என் கையிலிருந்த கிடாரை மட்டும் எடுத்து அவன் கையில் வைத்திருந்தார்கள். கீழே அவன் பெயர், பெயருக்குப் பக்கத்தில் 'லீட் கிடார்'.

"இன்னாடா இது?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலக்கா. மூணு பேரு வாசிச்சோம், ஒருத்தரு படம் வேணாம்னு சொன்னேன். அந்த எடம் காலியா வுட்டா செத்துட்டாங்கன்னு நெனைப்பாங்கன்னு கடைக்காரரே கிடாரை என் கையில போட்டுட்டாரு. மாத்தச் சொல்லிடலாம்க்கா, அப்பறமா."

அந்த அப்புறம் வரவில்லை. சத்தியவேடு வரன் பத்தே நாளில் ஜாதகம் பொருந்தவில்லை என்று போய்விட்டது. அட்டைப்படம் போகவில்லை.

ஆல்பம் நெட்டில் ஏறியது. சென்னைப் பக்கம் மெட்டல் கேட்கிறவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மெட்டல் ஆல்பமா, கோயில் திருவிழாவா என்று எழுதி அனுப்பிக்கொண்டார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பாட்டைத் தொடவே இல்லை. தமிழ்க்காரர்களுக்கு நாங்கள் தெலுங்கு, தெலுங்குக்காரர்களுக்கு நாங்கள் தமிழ். தவறிப்போய்க் கேட்டவர்களில் இரண்டு பேர் அந்த 'டிக்' சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தீர்களா, கம்ப்யூட்டரில் ஒட்டின இடம் தெரிகிறது, இவ்வளவு வேகம் கையால் வராது என்று எழுதினார்கள். அம்மா போட்டுவிட்ட வளையல் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லியது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதையே விட்டேன்.

அடுத்த வருஷம் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நகரி பஸ் ஸ்டாண்டில் என் முகம் பத்தடி உயரத்துக்கு நின்றது. வெள்ளைக்காரி நிறத்துக்கு ஏற்றியிருந்தார்கள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்கு நைனா ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை. திருப்பதிக்கு வந்தேன், வேலைக்குச் சேர்ந்தேன். கிடாரை விடவில்லை. சாயந்திரம் சமையல் முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் வாசிப்பேன். எலெக்ட்ரிக் கிடாரை அப்படி வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பி உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. ஒருநாளும் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டதும் இல்லை.

மறுபடி ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறேன். சிரித்த மனுஷரிடம், "அட்டைப்படத்துல இருக்கறவன் என் தம்பி. நம்பர் தரேன், நீங்களே கேளுங்க" என்றேன். நம்பிக்கை தம்பி மேல். தம்பி என் மடியில் வளர்ந்தவன். அவர் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார். நகரியில் தறி ஓடுகிற சத்தம் முதலில் வந்தது, அப்புறம் தம்பி குரல். இவர் தெலுங்கில் மளமளவென்று பாராட்டிவிட்டு, "அந்த ஐந்தாவது பாட்டு சோலோ நீங்கள் வாசித்ததுதானே பிரதர்?" என்றார்.

"ஆமா சார்" என்றான் தம்பி.

யோசிக்கக் கூட இல்லை. கேட்ட வேகத்தில் வந்தது. பிறகு இவர், திருப்பதியில் மெட்டல் கேட்கிறவர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி வைத்திருக்கிறோம், நீங்கள் வந்து அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும், உங்களை கௌரவிக்கப் போகிறோம் என்றார். "வரேன் சார்" என்றான். இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "பெருமையாக இருக்கும் மேடம், சொந்தத் தம்பி அல்லவா" என்றார். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஸ்வீட் டப்பா. ஸ்வீட் டப்பாவோடு வந்தால் குற்றம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா, கோவத்துல கீறியா?"

"உள்ள வா. துன்னுட்டுப் பேசு."

துன்னவில்லை. உட்கார்ந்தான். "எனக்கு அது வாசிக்க வராதுன்னு உனக்குத் தெரியும்."

"ஊருக்குத் தெரியாதே."

"அதான் சொல்றேன். நீ கர்ட்டனுக்குப் பின்னால நின்னு வாசிச்சிக்கினு இரு. நான் முன்னால நின்னு கைய ஆட்டிக்கினு இருக்கேன். ஒரே பாட்டுதானேக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்வீட் டப்பாவை எடுத்து அவன் மேல் வீசாதது ஒன்றுதான் நான் அன்றைக்குச் செய்த நல்ல காரியம். நோகாமல் நுங்கு தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுங்கை வெட்டிக் கொடுத்தவளையே மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள் என்று சொல்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏன்டா ஆமான்னு சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டான். "இன்னாக்கா பண்றது? மொதல்ல ஒருத்தன் கேட்டான், வெளக்கி சொல்ல சோம்பலா இருந்திச்சி, ஆமான்னேன். அப்பறம் இன்னொருத்தன் கேட்டான். எட்டு வருசமா ஆமா ஆமான்னு சொல்லிக்கினு கீறேன். இப்போ இல்லன்னு எப்டி சொல்றது? கலியாணத்துல என் மாமனாருகிட்ட கூட அப்டித்தான் சொல்லி வெச்சிக்கீறாங்க."

அவன் பொய்க்காரன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டம் போட்டுத் திருடியிருந்தால் சண்டை போட்டுப் பிடுங்கியிருப்பேன். சோம்பலில் எடுத்துக்கொண்டவனிடம் என்ன பேசுவது?

"பாட்டு நீ பாடு" என்றேன். "ரிதம் நீ புடி. டிரம்ஸுக்குப் பாகாலாக்காரனைக் கூப்பிடு. சோலோ வந்தா நீ பின்னால போ. நான் முன்னால வருவேன். கர்ட்டனும் இல்ல ஒண்ணும் இல்ல. இஷ்டம் இருந்தா வா, இல்லன்னா நானே போய் நிக்கிறேன்."

"சரிக்கா" என்றான். அப்புறம்தான் துன்னான்.

அந்த ஞாயிறு ஒரு வாடகை ஹாலில் நூறு நூற்றிருபது பேர். எல்லோரும் கறுப்பு. நான் ஒருத்தி மட்டும் பச்சைப் புடவை. வேண்டுமென்றேதான் கட்டிக்கொண்டு போனேன். வலது கையில் ஒரே ஒரு கண்ணாடி வளையல், அதுவும் வேண்டுமென்றே. வாசலில் ஃபிளெக்ஸ். நடுவில் என் தம்பி. இயற்பியல் ஆசிரியர் ஓடி வந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "வந்தீர்களா மேடம், முன் வரிசையில் உட்காருங்கள்" என்றார். நான் கிடார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் போனேன். பையைத் தம்பிக்காகச் சுமந்து வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

பாட்டு ஆரம்பித்தது. தம்பி பாடினான். மூன்றாவது நிமிடம் முடிந்தது. அவன் சொன்ன சொல் தவறாமல் இரண்டடி பின்னால் போனான். நான் முன்னால் வந்தேன்.

வாசித்ததைப் பற்றி நானே என்ன எழுதுவது? எட்டு வருஷமாக ஹெட்ஃபோனுக்குள்ளே இருந்தது பெரிய ஸ்பீக்கரில் வெளியே வந்தது. கையெல்லாம் கோபம். கோபத்தில் விரல் தப்பும் என்பார்கள், அன்று ஒரு ஸ்வரம் தப்பவில்லை. அந்த இறங்குகிற இடம் வந்தது. வளையல் இரும்பில் தட்டியது. 'டிக்.' ஸ்பீக்கர் வழியாக ஹால் முழுக்கக் கேட்டது. பக்கவாட்டில் நின்றிருந்த இயற்பியல் ஆசிரியரைப் பார்த்தேன். அந்தப் பாட்டை நூறு தரமாவது கேட்டிருப்பவர் அல்லவா? அவர் வாய் திறந்திருந்தது. கண் என் மணிக்கட்டின் மேல் இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், வாசித்துக்கொண்டே சிரித்துவிட்டேன்.

முடிந்ததும் ஹால் எழுந்து நின்று கத்தியது. தம்பி மைக்கைப் பிடித்து, "அந்த ஆல்பத்துல வாசிச்சதும் எங்க அக்காதான். நான் இல்ல" என்று சொல்லியும்விட்டான். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

விழாக் குழுவில் மூத்தவர் ஒருவர் மேடைக்கு வந்தார். கையில் சால்வை, பின்னால் ஒருவர் கையில் ஷீல்டு. "எவ்வளவு அடக்கம் பாருங்கள்! தான் வாசித்ததை அக்கா வாசித்ததாகச் சொல்கிற தம்பி எங்கே கிடைப்பான்? அக்காவுக்கும் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!" என்று சொல்லிச் சால்வையை என் தம்பிக்குப் போர்த்தினார். ஹால் இன்னும் பலமாகக் கைதட்டியது. தம்பி சால்வையை எடுத்து என் தோளில் போட வந்தான். அதற்குள் போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஷீல்டு கொடுக்கறது ஃபிரேம்ல வரணும்" என்றார். நான் இயற்பியல் ஆசிரியரைப் பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கி வந்து, காதருகில், "ஷீல்டில் பேர் அடித்தாகிவிட்டது மேடம்" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்தும் அதுதான் வாயில் வந்தது.

நான் தள்ளி நின்றேன். கையில் கிடார் சூடு ஆறாமல் இருந்தது. நூற்றிருபது பேர் கண்ணால் பார்த்தார்கள், காதால் கேட்டார்கள், அப்போதும் ஃபிளெக்ஸில் இருந்ததைத்தான் நம்பினார்கள். அவர்களிடம் இனி வாசித்துக் காட்டிப் பிரயோஜனம் இல்லை, ஃபிளெக்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் சித்தூர் பஸ் ஏறினேன். தம்பியும் நகரியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான், நான் கூப்பிடவில்லை. மாடியில் ஸ்டூடியோ இல்லை, கோச்சிங் சென்டர் ஆகிவிட்டது. கீழே ஃபிளெக்ஸ் கடை அப்படியே இருந்தது, அதே ஆள், தலை மட்டும் நரைத்திருந்தது. பழைய ஃபைல் எதையும் அவர் அழிப்பதில்லை. தேடி எடுத்தார். மின்னல், சிங்கம், பிள்ளையார், மாமாவின் பெரிய வட்டம் எல்லாம் திரையில் வந்தன. என் போட்டோவைக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, வாசிக்கிற மாதிரி வெறுங்கையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னது, கிடார்தான் அட்டையில் இருக்கிறதே.

"இன்னா ஃபங்ஷன் மா?" என்றார்.

"ஃபங்ஷன் ஒண்ணும் இல்ல. இந்த ஆல்பத்துல வாசிச்சது நான். நடுவுல என்னைப் போடணும்."

"ஃபங்ஷன் இல்லாம லேடீஸ் போட்டோ எப்டி மா..." என்று இழுத்தார். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தித் தம்பியிடம், "நினைவு நாள் கினைவு நாளா?" என்று கேட்டேவிட்டார்.

"அண்ணே" என்றேன். "பெரிய மனுஷி ஆனதுக்கு எங்க ஊர்ல போட்டாச்சு. கல்யாணத்துக்குப் போட்டாச்சு. மூணாவதுக்கு என்னால காத்துக்கினு இருக்க முடியாது. இப்பவே போடுங்க."

தம்பி, "போடுண்ணா" என்றான். "என்னை எடுத்துடு."

"உன்னை எடுக்க வேணாம்" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு, போதும்."

கடைக்காரர் என்னை நடுவில் வைத்தார். தம்பியை ஓரத்துக்கு இழுத்தார், இழுத்த பிறகும் கிடார் அவன் கையிலேயே இருந்தது. மவுஸால் அதைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார், வெட்டினார், திரைக்குக் குறுக்கே இழுத்து வந்து என் கையில் வைத்தார். என் பெயரை அடித்து, 'லீட் கிடார்' என்ற எழுத்தையும் அப்படியே இழுத்து அதற்குப் பக்கத்தில் விட்டார். "முடிஞ்சிது மா" என்றார்.

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்கவில்லை.